லத்தி பிடித்த கையில் பிரஷ்

1991 தை மாதத்தில் ஒரு காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலைய முக்கில் டிராஃபிக் பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் காசிராஜன் விசிலை ஊதினார். சத்தம் வரவில்லை. வாயின் இடது ஓரத்தில் காற்றும் எச்சிலும் ஒழுகின. விசில்தான் கெட்டுவிட்டது என்று உதறி மறுபடி ஊதினார். எதிரே இருந்த டீக்கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"ஏட்டையா, ஒங்க வாய் ஒரு பக்கமா கோணியிருக்கே!"

பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையும், மூட முடியாத இடது கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்.

"இனிமே ஸ்டேஷன்லயே எழுத்து வேலையைப் பாரும். ரோடு வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு மாசம் பொறுங்கய்யா. ரோட்டுக்கே வாரேன்."

உதடு ஒட்டாததால் 'பொறுங்க' என்பது 'ஒறுங்க' என்று வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். காசிராஜன் திரும்பிப் பார்க்கவில்லை.

மாத்திரை முடிந்ததும் ராஜபாளையத்தில் பிசியோதெரபி பார்க்கும் கிருபாபாயிடம் போகச் சொன்னார் டாக்டர். அந்த அம்மா மெல்லிய முடி வைத்த சின்னப் பிரஷ் ஒன்றை எடுத்து, எண்ணெயோ பவுடரோ இல்லாமல் அவர் கன்னத்தில் ஓட்டிக் காட்டினார். தாடையிலிருந்து காதுக்கு, புருவத்திலிருந்து நெற்றிக்கு. பட்டும் படாமலும் இருந்தது.

"காலையும் சாயங்காலமும் வீட்ல இப்படிச் செய்யுங்க. பொறவு கண்ணாடியப் பாத்துப் புருவத்தத் தூக்குங்க, உதட்டைக் குவிங்க. அழுத்தினா சீக்கிரம் வரும்னு மட்டும் நெனைக்காதீங்க."

காசிராஜன் அப்படித்தான் நினைத்து அழுத்தித் தேய்த்தார். நான்காம் நாள் கன்னத்துத் தோல் சிவந்து எரிந்தது. பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த மனைவி ஆவுடையம்மாள் பிரஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது என்ன லத்தியா? இனி நான் செய்யுதேன். நீங்க சும்மா உக்காருங்க."

சும்மா உட்காருவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இருந்தும் தினமும் இரண்டு வேளை ஜன்னல் ஓரத்தில் முகத்தை நீட்டி உட்கார்ந்தார். ஆலையில் நூல் இழை அறுந்தால் விரல் நுனியால் முடிந்து பழகிய கை அவளுடையது. பிரஷ் அந்தக் கையில் காற்றுப்போல ஓடியது. மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. வேலையிலிருந்து அலுத்து வந்த ஒரு நாள்கூட அவள் விடவில்லை.

இருபத்தாறாம் நாள் அவள் கை நின்றது. "வாயோரம் துடிச்சுது."

"எங்கட்டி? எனக்குத் தெரியலையே."

"பேசாதீங்க. உதட்டை இன்னொரு தரம் குவிங்க."

துடித்தது. அவரும் கண்ணாடியில் பார்த்தார்.

பிறகு, கொப்பளிக்கும் தண்ணீர் ஒழுகாமல் வாயில் நின்றது. மூடாமலிருந்த இடது கண் மூடியது. பங்குனிக் கடைசியில் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன் நின்று விசிலை ஊதினார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மறுநாளே பஸ் நிலைய முக்கில் டூட்டி.

முகம் முழுக்கச் சரியாகவில்லை. எதையாவது மென்றால் இடது கண் தானாகச் சுருங்கும்.

ஐந்து வருடம் கழித்து, சோழபுரத்தில் சீனியம்மாள் என்ற பெண்ணுக்கு இதே கோளாறு வந்து, வெளியே தலைகாட்டாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்குப் போனார். அவள் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். காசிராஜன் தொப்பியைக் கழற்றிவிட்டு, வீட்டார் கொடுத்த முறுக்கை அவள் பார்க்கவே கடித்து மென்றார். கண் சுருங்கியது.

"இந்த மூஞ்சியோடதான் அஞ்சு வருசமா நடுரோட்டுல நிக்கேன், தாயி. மொதல்ல டாக்டரைப் பாரு. மத்ததைப் பொறவு நானும் எம் பொஞ்சாதியும் வந்து காட்டுதோம்."

சீனியம்மாள் முந்தானையை விலக்கினாள். "டாக்டர்கிட்டப் போவ எத்தனை மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள்.