பரீட்சை ஹாலில் முப்பத்தைந்து டிகிரி

கருணாகரனுக்கு இரைச்சல் என்றாலே பயம். பஸ் இரைச்சலோ பாண்டி பஜார் இரைச்சலோ அல்ல. அதெல்லாம் அவனுக்குத் தாலாட்டு. உஸ்மான் ரோட்டில் அண்ணன் வெள்ளைச்சாமியின் ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த அறையில் கண்ணை மூடினால் கும்பகர்ணன்தான். அவனைப் படுத்தியது புத்தகத்து இரைச்சல். ரேடியோவில் ஸ்டேஷன் எதுவும் பிடிக்காதபோது உஸ் என்று கேட்குமே, அது. கருவிக்குள் இருக்கும் சூட்டினால் அந்தச் சத்தம் தானாகவே கொஞ்சம் உண்டாகிவிடும். எவ்வளவு உண்டாகும் என்று கணக்குப் போட வேண்டும். போடத் தெரிந்தவனைத்தான் அவன் வேலை பார்த்த அடையாறு ஒயர்லெஸ் கம்பெனியில் டிசைன் பிரிவுக்கு எடுப்பார்கள்.

அதற்கான பரீட்சையை மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். முதல் தடவை, இரண்டு இரைச்சல்களைக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் போல அப்படியே கூட்டிவைத்தான். அவற்றைத் தனித்தனியாக வர்க்கம் செய்து, கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த வருஷம் டெசிபல் கணக்கு கவிழ்த்துவிட்டது. டெசிபலைச் சாதாரண எண்ணாக மாற்றாமல் சூத்திரத்தில் போடுவது மடத்தனம். அதைத்தான் செய்தான்.

வெள்ளைச்சாமி அப்போது ஒன்றும் சத்தம் போடவில்லை. "ஏலே, இன்னொரு தடவ எழுதிப் பாரு. தேறலன்னா பேசாம கடையில வந்து உக்காரு. அப்பாகிட்டயும் சொல்லியாச்சு" என்றான். கருணாகரன் தலையாட்டினான். கடை என்றதுமே அவனுக்குப் பழைய அனுபவம் ஒன்று ஞாபகம் வந்தது. ஒருநாள் அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அங்கே நின்றிருக்கிறான். ஒரு அம்மாள் ரவிக்கைத் துணி கேட்டார். துணியை இழுத்து அளப்பதா, தளர விட்டு அளப்பதா, எது சரியான நீளம் என்று இவன் யோசித்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலமெல்லாம் அப்படி நிற்பதை நினைத்தால் யாருக்குத்தான் பயம் வராது?

எழுபத்து நாலாம் வருஷம், கத்திரி வெயிலில் மூன்றாவது பரீட்சை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. இந்த முறை அவன் விடுவதாக இல்லை. வர்க்கம், வர்க்கமூலம், டெசிபல் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கேள்வித்தாளைப் புரட்டியபோது சந்தோஷமாகவே இருந்தது. பெரிய கணக்கை ஆரம்பிக்கும்போது கரண்ட் போய்விட்டது. மேலே மின்விசிறி கிர்ரென்று இழுத்து நின்றது. வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. கைக்குட்டையை மடித்து முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுதினான். 'அறை வெப்பநிலையில் இந்தக் கருவியின் இரைச்சல் என்ன?' என்று கேட்டிருந்தது. எத்தனை டிகிரி என்று கொடுக்கவில்லை. கருணாகரன் அண்ணாந்து செத்துப்போன மின்விசிறியைப் பார்த்தான். முப்பத்தைந்து என்று போட்டு, கணக்கை விறுவிறுவென்று முடித்தான்.

லஸ் முனை பஸ் ஸ்டாப்பில் மெஹபூப் அலி பிடித்துக்கொண்டான். கம்பெனியில் இவனுக்கு அடுத்த மேஜை; அவனும் எழுதியிருந்தான்.

"இன்னா நைனா, பெரிய கணக்கு சரியா வந்துச்சா? பதினேழு டிகிரிதானே போட்டே?"

"பதினேழா?"

"அட, ரூம் டெம்பரேச்சர்னா பதினேழுன்னு புக்குல கீதுப்பா. எல்லாரும் அத்தத்தான் போட்டுக்கினு வந்திருக்காங்க. நீ இன்னா போட்டே?"

கருணாகரன் சொன்னான். "வுடு மச்சி, பாத்துக்கலாம்" என்று மெஹபூப் அலி தோளைத் தட்டினான். அந்தத் தட்டில்தான் கருணாகரனுக்கு எல்லாம் முடிந்துபோனது தெரிந்தது. புத்தகம் எழுதிய சீமைக்காரனின் அறையில் பதினேழு டிகிரி இருக்கலாம். சென்னையில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர்வது அபூர்வம். ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்? விடை தப்பு என்றால் தப்புதான்.

எழுதியவர்கள் எல்லாருக்கும் நேர்முகம் உண்டு. அதுவரை அவன் அந்தக் கணக்கின் பக்கமே போகவில்லை. சோறு இறங்கவில்லை. வேலை முடிந்தால் எலியட்ஸ் கடற்கரையில் போய் உட்கார்ந்துகொண்டான். அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் கருணாகரனுக்குப் பகீர் என்றது.

நேர்முகத்தில் டிசைன் பிரிவின் தலைவர் சுந்தரராமன் இருந்தார். எதிரே இவனுடைய விடைத்தாள்.

"உக்காருங்கோ. முப்பத்தஞ்சு டிகிரின்னு போட்டிருக்கேளே, இது எந்த ரூம்?"

பொய் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. "நான் பரீட்சை எழுதின ரூம் சார். ஃபேன் ஓடலை."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, பதினேழு போட்டிருந்தா இரைச்சல் வோல்டேஜ் எவ்வளவு மாறியிருக்கும்? போட்டுச் சொல்லுங்கோ" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

பேனாவைத் திறந்தான். இரண்டு டிகிரிகளோடும் இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக் கெல்வினாக்கினான். ஒன்றை இன்னொன்றால் வகுத்தான். நூற்றுக்கு ஆறு அதிகம் என்று வந்தது. வெப்பநிலைதான் வர்க்கமூலத்துக்குள் இருக்கிறதே! மூலம் எடுத்தால் அந்த ஆறும் பாதியாகிவிட்டது. கருணாகரன் தாளையே பார்த்தான்.

"மூணு சார். நூத்துக்கு மூணுதான்."

"அவ்வளவுதானே? மத்ததெல்லாம் சரியாப் பண்ணியிருக்கேள். வர்க்கம் பண்ணிக் கூட்டியிருக்கேள், டெசிபலை மாத்தியிருக்கேள். மூணுக்காகவா முகம் இப்படி வெளிறிப் போயிருக்கு? திங்கக்கிழமை வந்து சேருங்கோ."

கருணாகரன் துள்ளிக் குதித்துக் கூரையில் முட்டிக்கொள்ளாத குறை. இரண்டு வரிக் கணக்கு! முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் இத்தனை நாள் செத்துப் பிழைத்திருக்க வேண்டாமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே தி. நகர் வந்து சேர்ந்தான்.

கடையில் கூட்டமில்லை. வெள்ளைச்சாமி ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தான். தம்பியின் முகத்தைப் பார்க்காமலே, "என்னலே ஆச்சு?" என்றான்.

"கிடைச்சிருச்சுண்ணே. திங்கக்கிழம சேரணும்."

சேலை கையிலிருந்து நழுவியது. வெள்ளைச்சாமி அந்தப் புது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"யப்பா! பொழச்சேன்டா சாமி! அப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டு எனக்கு ராத்திரி உறக்கமே கெடையாதுலே. ஒரு ரவிக்கத் துணிக்கே அந்தப் பாடு படுத்தினவன், கல்யாணப் பட்டு எடுக்க வந்தா என்னலே பண்ணுவ? எல்லாப் பிள்ளையாருக்கும் வேண்டிக்கிட்டேன்."

கருணாகரனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கும் வந்தது. வெள்ளைச்சாமி எழுந்து நாற்காலியைத் தூக்கி வாசல் பக்கம் போட்டான்.

"இனிமே இது வாடிக்கைக்காரங்களுக்கு. நீ மேல போயி, வேட்டியக் கட்டிட்டு வா. தேங்கா ஒடைக்கணும்."