புதியதைக் கூட்டு, பழையதைக் கழி

1. முதல் நாள்

என்னை வேலைக்கு எடுத்த உத்தரவில் பதவியின் பெயர் 'கம்ப்யூட்டர்' என்றிருந்தது. ஐம்பதுகளில் அது மெஷினின் பெயரல்ல, கணக்குப் போடும் ஆளின் பெயர். புதுக்கோட்டையில் தற்காலிகமாகத் திறந்த பாசன ஆய்வுப் பிரிவு அது. ஆவூரிலிருந்து போன நான் ஆரோக்கியமேரி. இன்னொரு கம்ப்யூட்டர் பரமசிவம். இருவருக்கும் ஒரே கால்குலேட்டர். கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். கனத்துக்கும் பிடிவாதத்துக்கும் சேர்த்து 'இரும்புக் கழுதை' என்று அதற்குப் பேர் வைத்தோம்.

திருமயம் பக்கத்துக் கண்மாய் ஒன்று எங்கள் பொறுப்பு. பருவம் தொடங்கி, கண்மாய்க்கு மேலே உள்ள மேட்டில் பெய்த மொத்த மழை எவ்வளவு, கண்மாயின் நீர்மட்டம் எவ்வளவு என்ற சீட்டு தினமும் காலை பஸ்ஸில் வரும். கடைசி முப்பது நாளில் இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறின என்று ஒரு எண் சொல்ல வேண்டும். அதுதான் கோரிலேஷன். ஒன்றை ஒட்டி வந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரி நன்றாக இருக்கிறது. குறைந்தால் எங்கோ அடைப்பு, ஆள் அனுப்ப வேண்டும்.

2. வந்தவரும் போனவரும்

முப்பது நாள் எண்களையும் வர்க்கம் எடுத்து, பெருக்கி, கூட்டி முடிப்பதற்குள் மாலை ஆகிவிடும். திருமயம் பஸ் போயிருக்கும்.

"பஸ்ஸு போன பெறகு வர்ற நம்பரை வச்சு நான் என்னம்மா செய்யிறது? இப்பிடியே போனா செக்ஷனை மூடிருவாங்க" என்றார் சூப்பரிண்டெண்ட். மூடினால் நான் ஆவூருக்கு மூட்டை கட்ட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கழுதையையும் சேர்த்துத்தான்.

மறுநாள் பரமசிவத்திடம் கேட்டேன். "இருபத்தொம்பது நாளு நேத்தே போட்டாச்சுல்ல? அதை எதுக்குங்க திரும்பப் போடணும்? புதுசா வந்ததைக் கூட்டுவோம், வெளியே போறதைக் கழிச்சிருவோம்."

மழை, மட்டம், இரண்டின் வர்க்கங்கள், இரண்டின் பெருக்கல் என ஐந்து மொத்தங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டோம். புது நாளை நான் முன்னால் சுற்றுவேன். முப்பதைத் தாண்டிய நாளை அவர் பின்னால் சுற்றுவார். காலை டீ வருவதற்குள் எண் தயார். சூப்பரிண்டெண்ட் நம்பாமல் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

3. ஒன்றைத் தாண்டியது

நடவுக்கு முந்தைய வாரம் விடை ஒன்றுக்கு மேல் வந்தது. கோரிலேஷன் எந்தக் காலத்திலும் ஒன்றைத் தாண்டாது.

"குறுக்கு வழியில போனா இப்பிடித்தான்" என்று சூப்பரிண்டெண்ட் சீட்டை மேசையில் போட்டார். "அங்கிட்டு சனங்க நாத்துவிட்டு உக்காந்திருக்கு. தண்ணி வருமா வராதான்னு நாளைக்கு நான் சொல்லியாகணும்."

பரமசிவம் முப்பது நாளையும் பழைய முறையில் முதலிலிருந்து போட்டார். அதே விடை. எங்கள் குறுக்கு வழியில் தப்பில்லை என்று எனக்கு நிம்மதி. வழி சரியென்றால் எது தப்பு?

நீர்மட்ட எண்களை வரிசையாக வாசித்தேன். கடல்மட்டத்திலிருந்து அளந்தவை, எல்லாமே இருநூற்றுச் சில்லறை அடி. அந்த மாதம் மாறியதோ விரற்கடை அளவுதான். வர்க்கம் எடுக்கும்போது மெஷினில் இடம் போதாமல் புள்ளிக்குப் பின் உள்ளதை வெட்டிவிடுவோம். அந்த விரற்கடையும் அதோடு போய்விட்டது, அதனால்தான் விடை ஒன்றைத் தாண்டியது.

"மடையிலேருந்து அளந்து பாப்பமா? இருநூறு அடியை எதுக்குச் சும்மா சொமக்கணும்?" என்றேன்.

பரமசிவம் சிரித்துவிட்டார். "கண்மாயில குளிச்சு வளந்தவன் நான். எங்க ஊர்ல கடல்லேருந்து எவன் அளந்தான்? மடைக்கு மேல எம்புட்டுன்னுதான் கேப்போம். ஆபீஸுக்கு வந்ததும் மறந்துட்டேன் பாருங்க."

ஒவ்வொரு எண்ணிலும் மடையின் உயரத்தைக் கழித்தோம். எண்கள் சின்னதாயின, எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. மறுபடி சுற்றினோம். இந்த முறை விடை ஒன்றைத் தாண்டவில்லை, ஒன்றை ஒட்டியும் வரவில்லை. சைபருக்குப் பக்கத்தில் கிடந்தது. மழை ஏறிக்கொண்டே இருக்கிறது, கண்மாய் அசையவில்லை.

சூப்பரிண்டெண்ட் சீட்டைக் கையில் எடுத்தார். "நெசமாத்தானா மேரி?"

"நெசந்தாங்க சார். ஆளு அனுப்புங்க."

மத்தியான பஸ்ஸிலேயே ஆட்கள் போனார்கள். வரத்துவாரியில் ஒரு பாலம் இடிந்து வழியை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் பக்கத்துப் பொட்டலில் வீணாக நின்றதாம்.

சில நாள் கழித்து, காலை பஸ் நிற்பதற்குள் கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "யக்கா, சீட்டெல்லாம் பெறகு பாத்துக்கலாம்! மடை முங்கிருச்சு!" நடுத்தெருவில் அழுதேன். பரமசிவம் வேறு பக்கம் பார்த்தார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது. நடவு நடந்தது, எங்கள் பிரிவும் தொடர்ந்தது.

இப்போது இந்த வேலையைப் புரோகிராமாக எழுதும் பிள்ளைகளுக்கும் கணக்கு அதேதான். புதியதைக் கூட்டுங்கள், பழையதைக் கழியுங்கள். பெரிய எண்ணைச் சும்மா சுமக்காமல் பக்கத்திலிருந்து அளந்து பாருங்கள். நடக்கவே நடக்காத விடை வந்தால் உடனே வழியைத் திட்டாதீர்கள். எங்களுக்கு அப்படியொரு விடை வந்ததே கண்மாய் அசையாமல் கிடந்ததால்தான். அன்று அதைக் கிழித்துப் போட்டிருந்தால் அந்த நாற்று கருகியிருக்கும்.