முதல் நாலு நிமிஷம்

அருள்மொழிக்குப் பிடிக்காத ஆட்கள் இரண்டு வகை. பட்டா நகல் எடுக்க வந்துவிட்டு சர்வே நம்பர் தெரியாமல் முழிப்பவர்கள் ஒரு வகை. நசுக்கிய பாட்டு கேட்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைத் திட்டி அனுப்பிவிட்டு அரைமணி நேரத்தில் மறந்துவிடுவாள். இரண்டாவது வகையை லேசில் விடமாட்டாள். நான் ஒருமுறை மாட்டினேன். மூன்று வாரம் எனக்கு ஆல்பம் கிடையாது என்று தண்டனை கொடுத்துவிட்டாள், மகராசி.

என் பெயர் பொன்னுரங்கம். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறேன். வயது நாற்பத்து நாலு. மெட்டல், பங்க் என்று கிட்டாரும் கத்தலுமான வெளிநாட்டுப் பாட்டு கேட்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது.

அருள்மொழியின் கடை ரிஷிவந்தியத்தில் கோயிலுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. இ-சேவை, ஜெராக்ஸ், லேமினேஷன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். விற்றவன் உள்ளே இருந்ததை அழிக்காமலே கொடுத்துவிட்டான். இருநூற்றுச் சொச்சம் போல்டர், அத்தனையும் பாட்டு. ஒன்றைத் திறந்து பார்த்தவள் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து, அழித்துக் கொடுக்கச் சொல்லி சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டாள். அவன் வர இரண்டு நாள் ஆனது. அதற்குள் அதே பாட்டை ஒன்பது தடவை கேட்டுவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் லாரி விபத்தில் இறந்துபோன வருஷம் அது. "எனக்குக் கத்தணும் போல இருந்துச்சுண்ணா. கடையில ஒக்காந்துக்கினு கத்த முடியுமா? அந்தப் பாட்டுக்காரன் எனக்குப் பதிலா கத்தினான்" என்று ஒருநாள் சொன்னாள். வேறு விளக்கம் எதுவும் அவள் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் எனக்கு அவள் பழக்கமானாள். அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டிலிருந்து சத்தம் வெளியே கசிந்தது. "இன்னாம்மா இது, கரும்பு அரைக்கிற சத்தமா கீது?" என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். என் போட்டோ, கையெழுத்து, கட்டணம் எல்லாம் முடிகிற வரை நான் அசையவில்லை.

இப்படி வந்த பதினோரு பேர் சேர்ந்ததுதான் எங்கள் வாட்ஸ்அப் குரூப். பெயர் 'ஆளுக்கு ஒண்ணு'. சனிக்கிழமை தோறும் அருள்மொழி ஒவ்வொருவருக்கும் ஒரு ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்து, குரல் பதிவில் சொல்வாள். நன்றாக இருக்கும், அருமையாக இருக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டாள். எப்போது கேட்க வேண்டும், எங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சொல்வாள். "பொன்னுரங்கம் அண்ணா, உங்களுக்கு இந்த வாரம் பிரேசில் பங்க். பதினாறு பாட்டு, மொத்தமே பதினெட்டு நிமிஷம். மில் வாசல்ல வண்டி வரிசையில நிக்கும்போது போடுங்க. ஒரு வண்டி நகர்றதுக்குள்ள ரெண்டு தபா முடிஞ்சிடும்." அப்படியே நடந்தது.

குரூப்பில் ஒரே ஒரு சட்டம். பாட்டின் அளவைச் சுருக்கி நசுக்கிய ஃபைலைக் கேட்கக் கூடாது. நசுக்காத முழு ஃபைலை இறக்கித்தான் கேட்க வேண்டும். ஒரு ஆல்பம் நானூறு எம்.பி. வரும், ஐந்நூறு வரும். எங்களுக்கு அது கஷ்டமில்லை. பிரவீன்குமாருக்குத்தான் கஷ்டம்.

பிரவீன்குமார் கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் மரவள்ளி போட்டிருந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். எங்களில் யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. வீட்டருகே ஒரு கோடு சிக்னல்தான் வரும். பெரிய ஃபைல் இறக்க வேண்டுமென்றால் அரைமணி நேரம் ஏறி ஒரு மொட்டைப் பாறைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று குரூப்பில் போட்டுக்கொண்டே இருப்பான். நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் ஒரு வாரம்கூடச் சட்டத்தை மீறியதில்லை.

பங்குனிக் கடைசி. மில்லில் அரவை முடிகிற நேரம். அந்தச் சனிக்கிழமை அருள்மொழி அவனுக்குப் பின்லாந்து நாட்டு டூம் மெட்டல், அதாவது ஆமை வேகத்தில் நகர்கிற கனத்த மெட்டல், ஒன்றைக் கொடுத்தாள். பாட்டுக் குழுவின் பெயரை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒரே பாட்டு, அறுபத்தேழு நிமிஷம். காசு வேண்டாம் என்று அவர்களே இணையத்தில் வைத்திருந்தார்கள்.

அவள் சொன்னது எனக்கு மனப்பாடம். "பிரவீனு, இத படுத்துக்கினு கேக்காத, ஒக்காந்து கேளு. மொதல் நாலு நிமிஷம் ஒண்ணும் கேக்காது. பனிக்கட்டிக்கு அடியில தண்ணி ஓடற சத்தம், அவ்ளோதான், இருக்கறதே தெரியாது. நீ அவசரப்பட்டு பாட்ட தள்ளி வுட்டேன்னு தெரிஞ்சா உங்கிட்ட பேச மாட்டேன். பொறுமையா இரு. அப்புறம் கிட்டார் வரும் பாரு, வூடே இறங்கிடும்."

அவன் எழுதினான்: "அக்கா மேகம் இருட்டிக்கினு வருது. யூடியூப்ல கீது. வூட்டாண்டயே நசுக்குனத கேட்டுக்கட்டுமா?"

அதற்கு இவள், "அவ்ளோ மெல்லிசான சத்தத்த நசுக்கிட்டா இன்னா மிச்சம் இருக்கும்? அறுநூத்தி நாப்பது எம்.பி.தான். பாறைக்குப் போப்பா" என்று குரல் அனுப்பினாள்.

போனான். நாலு பன்னிரண்டுக்கு அவனிடமிருந்து வந்தது: "71%. இடி இடிக்குது அக்கா. எறங்கட்டுமா?"

அருள்மொழி அதைப் பார்க்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு ஒரு குடும்பமே வந்து கடையில் நின்றதாம். பார்த்தவன் நான்தான். மில் வாசலில் எனக்கு முன்னால் முப்பது வண்டி. வெயிலில் மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தேன். கொழுப்பெடுத்த விரல் சும்மா இருந்ததா? "இடிக்கே பயந்தா இன்னாத்துக்குய்யா மெட்டல் கேக்கற? போய் தாலாட்டு கேளு" என்று தட்டிவிட்டேன். நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ராத்திரி வரை வரவில்லை. போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் பதிவுக் குரலில் பேசுகிற அந்தப் பெண். என் பதிவை யார் யார் படித்தார்கள் என்று அமுக்கிப் பார்த்தேன். பிரவீன்குமார், 4:15. சிக்னல் இருக்காது, சார்ஜ் போயிருக்கும், மழையில் தூங்கியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லப் பயம் ஜாஸ்தியானதே தவிர கம்மியாகவில்லை.

ஞாயிறு விடியும்போதே அருள்மொழி கூப்பிட்டாள். "அண்ணா, மலைக்குப் போலாமா?" அவ்வளவுதான் பேசினாள். ரிஷிவந்தியம் போய் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். தெருவில் இரண்டு பேர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறும்போது ரோட்டில் முறிந்த கிளைகள் கிடந்தன. ஒவ்வொரு கிளையைச் சுற்றிப் போகும்போதும் பின்னாலிருந்து அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு வளைவில், "நான் போகச் சொன்ன பதிவ அழிக்கலாம்னு எடுத்தேன்ணா. கை வரல" என்றாள். நான் எழுதியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கரியாலூரில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். "ஏங்க, உள்ள ஊர்ல பிரவீன்குமாருன்னு, மரவள்ளி போட்டிருக்காரு..."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நேத்து பாறையாண்ட இடி வுழுந்துச்சே, அந்த ஆளுங்களா?"

அருள்மொழி என் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காரா?" என்று அவள்தான் கேட்டாள்.

"டோலி கட்டித் தூக்கியாந்து ஜீப்புல ஏத்திக்கினு போனாங்க. மூச்சு இருந்துச்சு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னாங்க. அதுக்கு மேல தெரியாதுங்க."

காலையில் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் வந்திருந்தோம். வந்த வழியே இறங்கினோம். மலை இறங்கி ஊர் சேரும் வரை அவள் பிடித்த சட்டையை விடவில்லை.

வார்டில் விசாரித்தோம். கடைசிக் கட்டிலைக் காட்டினார்கள். உட்கார்ந்திருந்தான். உயிரோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்! ஒல்லியான ஆள், புருவம் கருகியிருந்தது, இரண்டு காதிலும் பஞ்சு. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அருள்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கட்டிலருகே அவன் அம்மா இருசம்மாள் நின்றிருந்தார். நாங்கள் யாரென்று சொன்னதும், "பாட்டு அனுப்பற அக்காவா நீங்க? வாய் ஓயாம உங்க பேச்சுத்தான்" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். "போன பாலித்தீன் பையில சுத்தி பாறை இடுக்குல வெச்சிட்டு, பக்கத்துல மரத்தடியில ஒதுங்கியிருக்கான். இடி அந்த மரத்துல வுழுந்துடுச்சு. வெறகுக்குப் போன ஆளுதான் பாத்துட்டு ஓடியாந்து சொன்னாரு. மொதல்ல எறங்கி வந்துக்கினுதான் இருந்தானாம்மா. போன்ல எவனோ என்னமோ எழுதியிருந்தானாம். சிரிச்சிக்கினே மறுபடி ஏறிட்டானாம்."

அந்த எவனோ நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல், கீழே சிந்தியிருந்த பிஸ்கட் துணுக்கைப் பொறுக்கினேன். அருள்மொழி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

நர்ஸம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நானும் போய் நின்றேன். இரண்டு காதிலும் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். அது ஆறினாலும் ஆறும். உள்ளே நரம்பு போயிருக்குமோ என்றுதான் டாக்டருக்குச் சந்தேகமாம்; போயிருந்தால் திரும்பக் கேட்காதாம். விழுப்புரத்தில் மெஷின் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். "அவருகிட்ட இன்னும் சொல்லலீங்க. அடைப்புன்னு நெனச்சிக்கினு இருக்காரு" என்றார்.

திரும்பி வந்தோம். அதற்குள் நாங்கள் யாரென்று அவன் அம்மா எழுதிக் காட்டிவிட்டார் போல, பிரவீன்குமார் அருள்மொழியைப் பார்த்து வார்டே திரும்புகிற மாதிரிக் கத்தினான். "அக்கா! நீங்களா அக்கா! காதுல தண்ணி பூந்த மாதிரி அடைச்சிக்கினு இருக்குக்கா. பேச்சுதான் கேக்கல. சத்தமா வெச்சா கேக்கும்!" தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தான். பாலித்தீன் பை இன்னும் அதன் மேல் இருந்தது. "இங்க பாருங்க, நூறு சதவீதம்! நான் வுழுந்து கெடக்கும்போதே அது பாட்டுக்கு எறங்கி முடிஞ்சிருக்கு! நீங்களே போடுங்கக்கா!"

வேண்டாம் என்று அருள்மொழி கையை ஆட்டினாள், காதைத் தொட்டுக் காட்டினாள், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவன் கேட்கவில்லை. பஞ்சைப் பிடுங்கிப்போட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். சத்தத்தை அவனே முழுசாக ஏற்றி, போனை அவள் கையில் திணித்தான். அமுக்கினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நாலு விரலை எங்களுக்குக் காட்டிச் சிரித்தான். நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், அவள் சொன்னபடியே.

எனக்கு அந்த நாலு நிமிஷம் போனது தெரியவில்லை. திடீரென்று ஹெட்செட்டிலிருந்து கிட்டார் கசிந்தது. கட்டில் கால்மாட்டில் நின்ற எனக்கே கேட்டது. பக்கத்துக் கட்டில் பெரியவர் தலையைத் தூக்கி, "இன்னாய்யா அது, எந்த மெஷினு கெட்டுப்போச்சு?" என்றார்.

பிரவீன்குமார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறந்துவிடுவானோ, பாட்டு ஆரம்பித்துவிட்டதா என்று எங்களைக் கேட்டுவிடுவானோ என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிட்டாரோடு டிரம் சேர்ந்தது, ஆள் கத்த ஆரம்பித்தான். இவனோ கண்ணை மூடியபடியே, "எவ்ளோ பொறுமையா ஆரம்பிக்கறாங்கக்கா!" என்று கத்தினான்.

அருள்மொழி போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் அதில் ஓடிய நேரத்தை நான் பார்த்துவிட்டேன். பதினோரு நிமிஷம், இருபது நொடி.

அவன் கண்ணைத் திறந்தான். "நாலு நிமிஷம் ஆச்சாக்கா?"

பாட்டு விஷயத்தில் யாருக்கும் ஒரு பொய் சொல்லாதவள் அவள். அவனைப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டினாள். அவன் சரி என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.