இல்லாத துகளும் என்ர தங்கச்சியும்

என்ர தங்கச்சி சுலோஜனாவைப் பற்றிக் கேட்டால் நான் இலேசில நிறுத்தமாட்டன். குருக்கள்மடத்தில பிறந்து, மட்டக்களப்பில படிச்சு, ஜேர்மனிக்குப் போய் பௌதிகத்தில கலாநிதியானவள். அணுவுக்குள்ள கிடக்கிற துகள்களை மோதவிடுவாங்க. அதில வாற தகவலை நாடுநாடாக இருக்கிற ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர்களுக்குப் பிரிச்சனுப்பி, வாற விடையெல்லாத்தையும் ஒண்டாச் சேர்க்கிறது அவள்ட வேலை. எனக்கென்ன இதெல்லாம் விளங்கப்போகுதெண்டு நினைக்காதயுங்கோ. விளங்கும்வரைக்கும் நான் ஃபோனை வைக்கிறதில்ல.

சுனாமி வரக்குள்ள அவள் லீவில வந்து நிண்டாள். எங்கட தம்பி ஜெயரூபனைக் கடல் கொண்டுபோயிட்டு. முகாமில காணாமப்போன ஆக்களைப் பதியிறவர், "உங்கட வீட்டில ரெண்டு பேரைக் காணல்ல" எண்டார். அம்மா மயங்கி விழுந்திட்டா. எங்கட பக்கத்தில பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர், வீட்டுக்கு ஒரு பேர். அப்பா ஜெயரூபனெண்டு சொல்ல, மாமி ராசனெண்டு சொல்லியிருக்கா. சுலோஜனாதான் அழுதழுது போய், "ரெண்டும் ஒராள்தான் ஐயா" எண்டு திருத்தினாள்.

யுத்தம் முடிஞ்ச வருசம். செத்தவங்கட கணக்கை ஆளாளுக்கு வாயில வந்தபடி சொன்ன காலம். அப்பதான் அவள்ட கணக்கில புதுத் துகளொண்டு தெரிஞ்சுது. ஆய்வுகூடமே துள்ளிச்சாம். நான் சும்மா இருப்பனா? சந்தை முழுக்கச் சொல்லிட்டன். அவளுக்கோ ஒப்பந்தம் முடியிற நேரம். துகள் சரியெண்டால் அங்க நிரந்தர வேலை, இல்லாட்டிப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

ஆனா அவளுக்கு மனம் கேட்கல்ல. கிண்டிப் பார்த்திருக்காள். ஒரு நாட்டுக் கொம்பியூட்டர்கள் இடையில நிண்டுபோக, அதே வேலையை வேற நாட்டுக்கு அனுப்பியிருக்காங்க. பிறகு, நிண்டுபோனதுகளும் எழும்பி அதே வேலையை முடிச்சிட்டுதுகள். ஒரே மோதல்கள் வேற வேற பேரில ரெண்டுதரம் கணக்கில ஏறிப்போச்சு. அதுதான் புதுத் துகளாத் தெரிஞ்சிருக்கு!

"தம்பிட ஞாபகம் வந்திச்சக்கா. அதுதான் தேடினன்" எண்டு ஃபோனில அழுதாள். "சொன்னா வேலை போயிரும்."

"சொல்லாட்டி?"

"நித்திரை போயிரும்."

"அப்ப சொல்லு புள்ள. இஞ்ச வட்டையில நெல்லு விளையுது. சோத்துக்கு என்ன குறை? வா."

அடுத்த நாள் அத்தனை பேராசிரியர்மாருக்கு முன்னால எழும்பி நிண்டு, தன்ர துகள் இல்லையெண்டு தானே சொன்னாள். நான் இஞ்ச அவள்ட அறையைக் கூட்டி வச்சன். பிறகு, தன்ர பிழையைத் தானே பிடிக்கிற ஆள்தான் வேணுமெண்டு கூப்பிட்டு அந்த நிரந்தர வேலையைக் குடுத்தாங்க. இப்ப அவள் பார்த்துச் சரியெண்டு சொல்லாம அங்கயிருந்து ஒரு முடிவும் வெளிய வராது.

சந்தையில மீன் விக்கிற ஆச்சிப்பிள்ளை விட்டாளா? எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள்: "என்னகா சீதேவி, உன்ர தங்கச்சி கண்டுபிடிச்சது பொய்யாமே?"

"ஓம்கா, பொய்தான்" எண்டன் நானும் சத்தமா. "அந்தப் பொய்யைப் பிடிச்சவளும் என்ர தங்கச்சிதான்!"