எலிப்பறவையின் நெற்றியில் சந்தனம்

சண்முகலிங்கம் நல்ல மனிதர்தான். ஆனால் கை சும்மா இருக்காது. நோர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் பன்னிரண்டு வருடம் மீன் வெட்டிய கை. 2004இல் ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. வேலை தற்காலிகம். புதிய கண்காட்சி திறந்ததும் நிரந்தரமாக்கலாம் என்று பொறுப்பாளர் பெரித் சொல்லியிருந்தாள். ஒஸ்லோப் புறநகரான ரொம்சோஸில் வீடு வாங்க வங்கி கேட்டதும் அந்த நிரந்தர வேலைக் கடிதத்தைத்தான்.

கண்காட்சி எலிப்பறவைகளைப் பற்றியது. இன்று ஆபிரிக்காவில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஆறே இனம். குருவியளவு உடம்பு, சாணுக்கு மேல் வால். கிளையில் எலிபோல ஊரும். வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு தொங்கும். வேலைவெட்டி இல்லாத கூட்டம். இவற்றின் முன்னோர் ஒருகாலம் ஐரோப்பாவிலும் குடியிருந்தார்களாம். அதற்குச் சாட்சியாக, ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுப் பழைய எலும்புக்கூடு பதிந்த கல்லொன்று ஜெர்மனியிலிருந்து இரவலாக வந்திருந்தது.

ஆயுத பூசையன்று லிங்கம் தூசி உறிஞ்சும் மெஷினுக்குச் சந்தனம் வைத்தார். வாளிக்கு வைத்தார், சாவிக்கொத்துக்கும் வைத்தார். விரலில் கொஞ்சம் மிஞ்சியது. பக்கத்து மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போகக் காத்திருந்தது அந்தக் கல். இவ்வளவு பழசை வெறும் நெற்றியோடு விடலாமா? மண்டையோட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள், கல்லோடு கூடவே வந்திருந்த ஜெர்மன் பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் துள்ளி எழுந்தார். மஞ்சள்! ஆதிப் பறவையின் நிறமே எஞ்சியிருக்கிறது! ஊரெல்லாம் தொலைபேசி எடுக்கப் புறப்பட்டார். லிங்கம் வாளியைக் கீழே வைத்தார். வாயை மூடினால் வீடு கிடைக்கும். ஆனால் அந்த மனிதரின் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"அது நான் வைச்சது" என்றார் நொர்வேஜிய மொழியில். "சந்தனம். கும்பிடுறதுக்கு."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஈரப் பஞ்சால் ஒற்றியதும் பொட்டுப் போய்விட்டது. நிரந்தரமும் போய்விட்டது. இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாகப் பார்ப்போம் என்றாள் பெரித்.

வீட்டில் மனைவி மங்களேஸ்வரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப குங்குமம் வைக்கேல்லையோ?"

"இல்லையப்பா, சந்தனம் மட்டும்தான்."

"அதுதானே பாத்தன்! அரைகுறையாச் செய்தா ஆறு மாசந்தான் தருவினம்."