இரண்டாம் சங்கு

பத்து வயதில் என்னை நான் மேதை என்று நம்பினேன். அதைவிடப் பெரிய கூத்து, பள்ளிக்கூடமும் நம்பியது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடத்தி, அதில் என்னை உட்காரவைத்தார்கள். அங்கே நான் செய்த ஒரே உருப்படியான காரியம், கரண்ட் போனதை முதலில் கண்டுபிடித்ததுதான்.

எங்கள் வீடு ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில். அங்கே கடிகாரம் சும்மா சுவரில் தொங்கும். நேரம் சொல்வது தொழிற்சாலைச் சங்கு. முதல் சங்குக்குப் பல் தேய்ப்போம். இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் அப்பா கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். எங்கள் கணக்கு சாரும் குடியிருப்புக்காரர். அதனால் தனி வகுப்புக்கான தேர்வை அறிவித்தபோது அவர் மணியே சொல்லவில்லை.

"சனிக்கிழமை ரெண்டாம் சங்குக்கு எல்லாரும் உள்ள இருக்கணும். லேட்டா வந்தா கதவு தெறக்காது. யாரா இருந்தாலும் ஒரே ரூல்தான்."

நாங்கள் தலையாட்டினோம். என் மாமா மகள் மட்டும் ஆட்டவில்லை. பாரிவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு படித்தவள். அந்த வகுப்பில் சேரப்போவதாகப் போன வருடத்திலிருந்தே வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். கணக்கில் அவள்தான் புலி. நானெல்லாம் அவளைப் பார்த்து எழுதி அறிவாளி ஆனவன்.

"இன்னாடா சங்கு? மணி சொல்லு," என்றாள்.

"சங்குன்னா சங்குதான்." திமிரில் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு மணி தெரியாது.

சாரிடமே கேட்டாள். "ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை அவள் எப்போதும்போலப் பள்ளிக்கூட மணி நேரத்துக்கு மாமாவோடு வந்து நின்றாள். அதற்குள் நாங்கள் பாதித் தேர்வை எழுதியிருந்தோம். மாமாவின் குரல் ஜன்னல் வழியே கேட்டது.

"கொஞ்சம் உள்ள உடுங்க சார். மணி தெரிஞ்சிருந்தா முன்னாடியே இட்டுகினு வந்திருக்க மாட்டனா?"

"இவளுக்குத் தெறந்தா நாளைக்கு எல்லாருக்கும் தெறக்கணும். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

தேர்வு எழுதியவர்கள் கொஞ்சம் பேர். காலி இடத்தை நிரப்ப என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

தன் அண்ணன் மகள் வெளியே நின்ற கதையைக் கேட்ட அம்மா, அன்று முழுவதும் பாத்திரங்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நியாயமாம். கையில கட்டின வாட்சைப் பாத்து ஒரு மணி சொல்ல வக்கில்ல."

எனக்கும் எரிச்சல்தான், காரணம்தான் வேறு. சார் வாராவாரம் புதிர்க் கணக்கு கொடுத்து, வீட்டில் யோசித்து வரச் சொல்லிவிடுவார். என்னுடைய யோசிக்கிற உறுப்போ பாரிவாக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணக்கைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

கெட்டிக்காரர்களின் கணக்கை, கதவுக்கு வெளியே நின்றவள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த மேதை வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம். "நீயும் நேரத்துக்கு வந்திருக்கலாம்ல? சங்கு எல்லாருக்கும் ஒண்ணாத்தான ஊதுச்சு?" என்றேன், சாரைப் போலவே.

அவள் நிமிரவில்லை, பென்சிலையும் நிறுத்தவில்லை. அவள் சொன்ன பதிலை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற தகவலாகவே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

"எங்க ஊருக்குக் கேக்காது."