முட்டையில்லாத கேக்

அம்மாவும் ஹியூபேட்டும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கிருலப்பனைக் கல்யாணம் ஒன்றுக்கு இருநூற்றிருபது கேக் துண்டு சுற்றியது. அம்மா வெட்டினாள். அவன் வெள்ளித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். நடுவில் ஒரு துண்டை எடுத்து உருக்கு அடிமட்டத்தால் அளந்தான். இரண்டு அங்குலம் நீளம், ஒரு அங்குலம் அகலம். மயிரிழையும் பிசகவில்லை.

“அளக்கிறதை விட்டுட்டுச் சுத்து மகன். கல்யாணத்துக்கு வாறவன் அடிமட்டமா கொண்டு வாறான்?”

அது வெள்ளிக்கிழமை. ஞாயிறு பூசைக்குப் போன இடத்தில் விழுந்தாள். எழும்பவில்லை.

கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கேக் என்றால் ஐறீன், அவன் அம்மா. முப்பது வருஷம் அப்படித்தான். ரவை, முந்திரி, பிராந்தி, தட்டுக்கு ஐம்பது மஞ்சள் கரு. பிறகு கல்யாணங்கள் ஹோட்டல்களுக்கு ஏறின. சாப்பாட்டோடு கேக்கையும் ஹோட்டலே கொடுத்தது. தொண்ணூற்றாறில் மாதம் ஒரு ஓடர் வந்தாலே பெரிய காரியம். வெள்ளவத்தையிலோ யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் வந்து நிறைந்து, கிழமைக்கு நாலு கல்யாணம். அம்மா ஒன்றைப் பிடித்தாள். வழக்கமான கேக்கையே அனுப்பினாள். பெண்ணின் பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “முட்டை போட்டதோ?” நூற்றைம்பது பெட்டியும் வந்த வாகனத்திலேயே திரும்பின.

அங்கே முட்டையில்லாமல் கேக் போட்டவள் சரோஜினிதேவி. பெயரைக் கேட்டாலே அம்மாவுக்கு வயிறு எரியும்.

“முட்டையில்லாமக் கேக்காம்! களியெண்டு சொல்லச் சொல்லு.”

ஒரு மாதம் வைதாள். பிறகு தானும் போட்டுப் பார்த்தாள். கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

ஹியூபேட் குளிரூட்டி எஞ்சினியர். சூடும் குளிரும் அவன் படித்த படிப்பு. வேலைத்தலத்திலிருந்து வெப்பமானி கொண்டுவந்து, கேக் வேகும் அவணுக்குள் தொங்கவிட்டான். வைத்த சூட்டைவிட நாற்பது பாகை கூடக் காட்டியது.

“மம்மி, பிழை இங்கதான்.”

அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. சேலையை மாற்றினாள். புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போய், எதிரியின் கதவைத் தட்டினாள். அறுபது வயதில்.

திரும்பி வந்தவள் வேறு ஆள்.

“கெட்டிக்காரி மகன் அவள். அவண் கதவில கை வைச்சே சூட்டைச் சொல்றாள். சூடு கூடித்தான் உதிருதாம்.”

“அதைத்தானே மம்மி நான் சொன்னனான்!”

“சொன்னனீதான். நீ கேக் போட்டிருக்கிறியா?”

அன்றிலிருந்து புதன்கிழமை என்றால் வெள்ளவத்தை. இவள் ஐசிங் பூப்போடக் காட்டிக் கொடுத்தாள். அவள் தயிரையும் டின்பாலையும் கலக்கும் கணக்கைக் கொடுத்தாள். ஓடர்கள் இரண்டு வீட்டுக்கும் வந்தன. அம்மா இறக்கி வைத்த பொறாமையை மகன் தூக்கிக்கொண்டான். வீட்டில் நாலு வார்த்தையோடு நிறுத்துகிறவள் அங்கே மணிக்கணக்கில் கதைத்தாள். புதிதாக எது போட்டாலும் முதல் துண்டு சரோஜினிக்குத்தான்.

“எனக்கு நாக்கு இல்லையா மம்மி?”

“நீ எதைத் தந்தாலும் நல்லாயிருக்கெண்டு சொல்லுவாய். அவள் சொல்லமாட்டாள்.”

பதினைந்து வருஷம் அப்படிப் போனது. ஒருநாளாவது தன்னிடம் முதலில் கேட்பாள் என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செத்தவீட்டுக்குச் சரோஜினிதேவி வந்தாள். அவனைவிட அதிகம் அழுதாள். அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை. போகும்போது அவனிடம் வந்தாள்.

“தம்பி, இப்பத்தைப் பிள்ளையள் சீனி வேண்டாமெண்ணுதுகளெண்டு அக்கா கித்துள் பாணி விட்டு ஒண்டு போட்டவ. புதன்கிழமை துண்டு கொண்டாறனெண்டவ. கிடக்கோ?”

“இல்லை அன்ரி,” என்றான்.

கிடந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில், வெள்ளித்தாளில் சுற்றி, அம்மாவின் கையெழுத்தில் ‘சரோ’ என்று எழுதி.

இன்று மூன்றாவது புதன். பெட்டி நாலு பாகையில் நிற்கிறது. காலையிலும் தாளைப் பிரித்துப் பார்த்தான். துண்டு உதிரவில்லை. அதன் ருசி சரியா என்று சொல்லக்கூடியவள் வெள்ளவத்தையில் இருக்கிறாள். அவன் இன்னும் பஸ் ஏறவில்லை.